நீதிமொழிகள் வாக்குத்தத்தப் புத்தகமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி கேட்ட சகோதரி எழுதியதன் சுருக்கம் இது: "மகனைச் சின்ன வயதிலிருந்தே ஞாயிறு பள்ளிக்கும் குடும்ப ஜெபத்துக்கும் பழக்கினேன். வேலைக்காக வெளியூர் போனவன் இப்போது ஆலயப் பக்கமே போவதில்லை. 'பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து. அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்' என்று நீதிமொழிகள் 22:6 சொல்கிறதே. நான் சரியாக வளர்க்கவில்லையா? இல்லை, வசனம்தான் பலிக்கவில்லையா? இந்தக் காலத்து விசுவாசி அந்தப் புத்தகத்திலிருந்து எதைத்தான் எடுத்துக்கொள்வது?"

சகோதரி, அந்த ஒரு வசனத்தை வைத்து உங்கள் வளர்ப்பில் குறை இருந்தது என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. வசனமும் பொய்க்கவில்லை. நீதிமொழிகளை எப்படி வாசிப்பது என்பதை நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் குறைவு, அவ்வளவுதான். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும், தேவன் தரும் வாக்குறுதி என்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுத்து, அதில் இருக்கும் வரியை வருடம் முழுவதும் சுவரில் ஒட்டிவைக்கும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். அந்த அட்டையில் நீதிமொழிகளின் ஒரு வரி வந்துவிட்டால் அதையும் தேவன் நம் பேருக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் போலவே எடுத்துக்கொள்கிறோம். நீதிமொழி என்பது பத்திரம் அல்ல. வாழ்க்கையை வெகுநாள் உற்றுப் பார்த்த ஒருவர், 'பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். இதைப் பார்த்து நட' என்று சொல்லிவைப்பது.

நம் பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள். அண்ணன் தம்பி ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிடுவதைப் பார்த்தால் 'கூடி வாழ்ந்தால் கோடி நன்மை' என்பார்கள். அதே பாட்டி அடுத்த மாதம் சண்டை வந்ததும் 'கிட்ட இருந்தால் முட்டப் பகை' என்பார்கள். பாட்டி பொய் சொன்னார் என்று யாரும் சொல்வதில்லை. எந்த நேரத்துக்கு எந்தச் சொல் என்று அவருக்குத் தெரியும்.

இந்த வகைச் சொல் எப்படிப் பிறக்கிறது என்பதையும் அந்தப் புத்தகமே காட்டுகிறது. 24ஆம் அதிகாரத்தின் கடைசியில் ஒருவர் சோம்பேறியின் வயல் வழியாக நடந்து போகிறார். எங்கும் முள் முளைத்திருக்கிறது, கற்சுவர் இடிந்து கிடக்கிறது. நின்று பார்க்கிறார், யோசிக்கிறார், புத்தியடைகிறார். அவருக்கு அங்கே தரிசனம் கிடைக்கவில்லை, வானத்திலிருந்து குரலும் வரவில்லை. பார்த்ததிலிருந்து கற்றுக்கொள்கிறார். அடுத்த ஊர்க்காரனிடமிருந்து கற்றுக்கொள்வதற்கும் இந்தப் புத்தகம் கூச்சப்படவில்லை. 22:17இல் தொடங்கும் 'ஞானிகளின் வார்த்தைகள்' பகுதி, அமெனெமோபே என்ற எகிப்தியரின் போதனைகளோடு பல இடங்களில் ஒத்துப்போகிறது. இதை 1924இல் அடோல்ஃப் எர்மான் என்ற ஜெர்மன் அறிஞர் எடுத்துக்காட்டினார். அந்தப் பாப்பிரஸ் சுருள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விசுவாசிக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம் என்று அறிவித்துவிட்டுத் தொடங்கும் ஒரு புத்தகம், அதற்கப்புறம் எறும்பிடமும் எகிப்தியனிடமும் தைரியமாகப் பாடம் கேட்கிறது.

இப்போது உங்கள் வசனத்துக்கு வருவோம். 22:6 இருக்கும் தொகுப்பு 10:1இல் 'சாலொமோனின் நீதிமொழிகள்' என்ற தலைப்போடு தொடங்குகிறது. அந்தச் சாலொமோனின் வீட்டில் என்ன நடந்தது? 1 இராஜாக்கள் 11:4ஐ வாசியுங்கள்: சாலொமோன் வயது சென்றபோது அவன் இருதயம் வழிவிலகியது. 'முதிர்வயது' என்று நீதிமொழியிலும் 'வயதுசென்றபோது' என்று அங்கேயும் சொல்லப்படுவது எபிரெயத்தில் ஒரே வேரிலிருந்து வரும் சொல். தாவீதின் மகன், ஞானத்தை வரமாகக் கேட்டு வாங்கினவன், மூவாயிரம் நீதிமொழிகள் சொன்னவன், எந்த வயதில் விடமாட்டான் என்று வசனம் சொல்கிறதோ அந்த வயதில்தான் விட்டான்.

அவன் மகன் ரெகொபெயாமின் கதை இன்னும் வருத்தமானது. 'மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும். கடுஞ்சொற்களோ கோபத்தை எழுப்பும்' என்ற 15:1உம் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. தகப்பன் பேரில் வழங்கிய சொல் அது. சீகேம் என்ற ஊரில் அவனை ராஜாவாக்க வந்த ஜனங்கள், தகப்பன் சுமத்தின பாரத்தைக் கொஞ்சம் இறக்கும்படி கேட்டார்கள். நல்வார்த்தை சொல்லும்படி முதியவர்கள் புத்தி சொன்னார்கள். அவனோ, 'என் தகப்பன் உங்களைச் சவுக்குகளினாலே தண்டித்தார், நான் உங்களைத் தேள்களினாலே தண்டிப்பேன்' என்றான். பத்துக் கோத்திரம் அன்றே கைவிட்டுப் போனது. வேதாகமம் இந்த இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்துக்கொண்டு, எதையும் மறைக்காமல் நமக்குக் கொடுக்கிறது. 22:6ஐ மீறமுடியாத ஒப்பந்தம் என்று வேதாகமமே எண்ணியிருந்தால் சாலொமோன் வீட்டுக் கதையை இப்படித் திறந்து சொல்லியிருக்காது.

இன்னொன்றும் உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பில் 'நடக்கவேண்டிய வழி' என்று வாசிக்கிறோம். எபிரெயத்தில் இருப்பது 'அவனுடைய வழியின்படி' என்பதுதான். அதைச் சரியான வழி என்று எடுத்தவர்களும் உண்டு, அந்தப் பிள்ளையின் சுபாவத்துக்கும் வயதுக்கும் ஏற்றபடி என்று எடுத்தவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது பொருள் பிடிக்கும். இருபது வருடம் வேதபாட வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேள்வி கேட்கிற பிள்ளையைக் கேள்வி கேட்காத பிள்ளை மாதிரி நடத்தி இழந்தவர்கள் எங்களில் பலர். நானும் அதைச் செய்திருக்கிறேன்.

சரி, வாக்குத்தத்தம் இல்லையென்றால் எப்படித்தான் வாசிப்பது? 26ஆம் அதிகாரத்தில் 4ஆம் வசனம், மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்கிறது. அடுத்த வசனமே, கொடு என்கிறது. தல்மூது என்ற யூதர்களின் பழைய போதனைத் தொகுப்பில், சப்பாத் என்ற பகுதியில் இதைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது: ஒன்றையொன்று மறுக்கும் இப்படிப்பட்ட வசனங்களுக்காகவே இந்தப் புத்தகத்தை ஒதுக்கிவைக்க ஞானிகள் யோசித்தார்களாம். அப்புறம், ஒன்று வேதக் காரியங்களுக்கு, மற்றது உலகக் காரியங்களுக்கு என்று பிரித்துச் சமாதானம் கண்டார்கள். அந்தப் பிரிவினை எப்படியோ போகட்டும். இரண்டு வசனத்தையும் தொகுத்தவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது கவனக்குறைவால் அல்ல. எப்போது வாயைத் திறப்பது, எப்போது மூடுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பை வாசிக்கிறவரிடம் விடுகிறார். அதே அதிகாரம் 9ஆம் வசனத்தில் ஒரு எச்சரிக்கையும் தருகிறது: மூடன் வாயில் அகப்பட்ட பழமொழி, குடிவெறி கொண்டவன் கையில் ஏறின முள் மாதிரி. நல்ல வசனம்கூடத் தவறான வாயில் குத்தும்.

அப்படிக் குத்தப்பட்டவர் யோபு. அவர் சிநேகிதர் சொன்னதில் பெரும்பகுதி நீதிமொழிகளில் இருக்கும் கருத்துதான்: விதைத்ததை அறுப்பான், துன்மார்க்கன் வீடு நிலைக்காது. பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவரிடம் உட்கார்ந்து அதைச் சொன்னார்கள். யோபு 13:12இல் அவற்றைச் 'சாம்பல்' என்கிறார். எபிரெயத்தில் அங்கே வருவது 'மிஷ்லே', நீதிமொழிகள் புத்தகத்தின் அதே பெயர்ச்சொல். சாம்பல் நீதிமொழிகள். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது யோபின்மேல் அல்ல, சரியான வசனத்தைத் தவறான இடத்தில் சொன்ன அந்தச் சிநேகிதர்மேல். உங்களிடம் யாராவது 22:6ஐச் சொல்லி 'நீ ஒழுங்காக வளர்த்திருந்தால்' என்று ஆரம்பித்தால், இந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, எதை எடுத்துக்கொள்வது என்பது. ஒவ்வொரு வசனத்தையும் முதலில் நம் வாசலுக்குத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்பதுதான் நான் வற்புறுத்துவது. அப்படிப் பார்த்தால் எனக்கு அதிகம் உறைப்பது தராசு பற்றிய வசனங்கள். 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது. சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்' (11:1). இது 16:11இலும் 20:10இலும் 20:23இலும் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் காலத்து யூதா நாட்டில் நாணயம் புழங்கவில்லை. வெள்ளியைக் கல் வைத்து நிறுத்துக் கொடுப்பார்கள். கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல் நிறைகற்கள் எருசலேமிலும் சுற்றுப்புற ஊர்களிலும் அகழாய்வில் நிறையக் கிடைத்திருக்கின்றன. அரைக்கோள வடிவில் கைக்கு அடக்கமாக இருக்கும். ஒரு சேக்கல் சுமார் 11.3 கிராம். வியாபாரி அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு போவான். ஏமாற்றுகிறவன் பையில் வாங்குவதற்கு ஒரு கல், விற்பதற்கு ஒரு கல். உபாகமம் 25:13 அதைத்தான் தடுக்கிறது. 'வெவ்வேறான நிறைகல்லும், வெவ்வேறான மரக்காலும்' என்று 20:10 சொல்வதும் இதைத்தான். மரக்கால் என்பது தானியம் அளக்கும் பாத்திரம்.

இன்று நம்மில் பலர் தராசைத் தொடுவதே இல்லை. பையில் இரண்டு கல் மட்டும் இருக்கிறது. மகளுக்கு வரன் பார்க்கும்போது வரதட்சிணை பாவம் என்கிறோம்; மகனுக்குப் பார்க்கும்போது 'அவங்க பிள்ளைக்கு அவங்க செய்யறது' என்கிறோம். வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே 20:10 இருக்கிறது. மண விளம்பரத்தில் 'இரட்சிக்கப்பட்ட குடும்பம்' என்று எழுதி, அடுத்த வரியிலேயே சாதியைக் குறிப்பிடுகிறோம். கர்த்தருடைய பந்தியில் ஒரு மரக்கால், கல்யாணப் பந்தியில் வேறு மரக்கால். நம் அலுவலகத்தில் சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனால் கொதிக்கிறோம். வீட்டு வேலை செய்யும் அக்காவிடம் 'நாளைக்கு வாங்க' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். 3:28 அந்த வார்த்தையையே அப்படியே எடுத்து வைக்கிறது: 'நீ போய்த் திரும்பவா, நாளைக்குத் தருவேன் என்று சொல்லாதே.' இதை எழுதும்போது எனக்கே உறுத்துகிறது. சபைத் தேர்தலிலும் சபைக் கணக்கிலும் இரண்டு கல் புழங்குவதைப் பற்றி விரிவாக எழுத விருப்பம் இல்லை. ஆலயத்துக்குப் போகிற எல்லாருக்கும் அது தெரியும்.

அடுத்தது ஜாமீன். இவ்வளவு பக்தியான புத்தகம் பிணைப்படுவதைப் பற்றி ஐந்தாறு இடத்தில் இவ்வளவு கடுமையாகப் பேசுவது பலருக்குத் தெரியாது. செலுத்த உன்னிடம் ஒன்றும் இல்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு போவார்களே என்கிறது 22:27. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் (1872) 128ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். அவன் கட்டாவிட்டால் முழுவதையும் உங்களிடம் கேட்கலாம். சபை நண்பர் ஒருவருக்காக 'விசுவாசிக்கு விசுவாசி உதவாமல்' என்று நினைத்து நான் ஒருமுறை கையெழுத்துப் போட்டேன். நான்கு வருடம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். அவரை நான் குறை சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே தொழில் நொடிந்தது. குறை என்னுடையது: இல்லாத பணத்தை இருப்பதுபோல் வாக்குக் கொடுத்தேன். 6ஆம் அதிகாரம் இதற்குச் சொல்லும் வழி, தூங்காதே, போய்த் தாழ்மையாகக் கெஞ்சி உன்னை விடுவித்துக்கொள் என்பது. என் கௌரவம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அப்படியானால் உதவவே கூடாதா? 19:17 வேறு மாதிரி பேசுகிறது: 'ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்குக் கடன் கொடுக்கிறான்.' இரண்டையும் சேர்த்து வாசித்தால் வழி தெளிவாகிறது. கையில் இருப்பதைக் கொடு, திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று கொடு. கையில் இல்லாததற்குக் கையெழுத்துப் போடாதே. அப்புறம், வேதாகமத்தில் தம்பி பென்யமீனுக்காக அண்ணன் யூதா தன்னையே பிணையாக வைக்கிறான், எபிரெயர் 7:22 இயேசுவையே பிணையாளி என்கிறது. தன்னையே கொடுக்கத் துணிந்தவர்கள் போட்ட பிணை அது. என் கையெழுத்தில் அந்தத் துணிவு இல்லை.

நாவைப் பற்றிய வசனங்களை எல்லாரும் சொல்வார்கள், ஆகவே இரண்டு மட்டும் சொல்கிறேன். 'தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான். அவன் அயலானோ வந்து அவனைப் பரிசோதிக்கிறான்' (18:17). ஒரு போதகரைப் பற்றியோ ஒரு பெண்ணைப் பற்றியோ வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வந்தால், அதுதான் முதல் பேச்சு. இரண்டாவது பேச்சு வருவதற்குள் நாம் அதை நாற்பது பேருக்கு அனுப்பிவிடுகிறோம், 'ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்ற சொல்லையும் சேர்த்து. இன்னொன்று 17:14. சண்டையின் ஆரம்பம் மதகைத் திறந்துவிடுவது போல என்கிறது. ஏரிப்பாசனத்து ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. முதலில் கசிவுதான். அப்புறம் பலகையைத் திரும்பப் போட ஆளால் முடியாது.

பிரம்பைப் பற்றியும் கேட்பீர்கள். 13:24உம் 23:13உம் அடிப்பதைப் பற்றிப் பேசுகின்றன. அதை நான் பூசி மெழுகமாட்டேன். அந்தக் காலம் அப்படி. ஆனால் 13:24இல் 'பிரம்பு' என்று வரும் எபிரெயச் சொல்தான் சங்கீதம் 23இல் 'உமது கோலும்' என்று வருகிறது. ஆட்டைத் தேற்றுகிற கோல். மூடனுக்கு விழும் நூறு அடியைவிட ஒரு சொல் புத்திமானுக்கு அதிகமாய் உறைக்கும் என்று இதே புத்தகம் 17:10இல் சொல்கிறது. புத்தகத்தின் முதல் ஒன்பது அதிகாரம் பெரும்பாலும் 'என் மகனே' என்று கூப்பிட்டுப் பேசும் பேச்சுதான். பிள்ளையை அடிப்பதற்கு வசனம் தேடுகிறவர், அந்த ஒன்பது அதிகாரம் அளவுக்குப் பிள்ளையோடு பேசியிருக்கிறாரா என்று பார்க்கவேண்டும்.

31ஆம் அதிகாரத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடமுடியாது, ஏனென்றால் தாய்மார்களை இது அதிகம் வருத்தப்படுத்துகிறது. 'குணசாலியான ஸ்திரீ' பகுதியை அன்னையர் தினத்தில் வாசித்து, விடியுமுன் எழுந்திருக்கவேண்டும், நூல் நூற்கவேண்டும் என்று பட்டியல் போடுகிறார்கள். எபிரெயத்தின் 22 எழுத்துக்களில் வரிசையாகத் தொடங்கும் பாட்டு அது, புகழ்ச்சிப் பாட்டு. வேலை அட்டவணை அல்ல. 'குணசாலி' என்று நாம் வாசிக்கும் இடத்தில் இருக்கும் 'ஹாயில்' என்ற சொல் மற்ற இடங்களில் போர்வீரரின் பராக்கிரமத்துக்கு வருவது. அதே பட்டத்தை, ரூத் புத்தகத்தில் போவாஸ் என்ற நிலக்காரர் ரூத்துக்குக் கொடுக்கிறார். அப்போது ரூத்துக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, நிலம் இல்லை. பிறர் வயலில் கதிர் பொறுக்கின அந்நியப் பெண். பிள்ளை ஆலயத்துக்கு வருகிறானா என்று பார்த்து அந்தப் பட்டத்தைக் கொடுப்பதும் பறிப்பதும் வேதத்தில் இல்லை.

இந்தப் புத்தகத்தில் ஜெபம் என்று இருப்பது ஒன்றே ஒன்று, 30ஆம் அதிகாரத்தில் ஆகூர் என்பவர் செய்வது. 'தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக. என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்.' நிறைந்துவிட்டால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன், வறுமைப்பட்டால் திருடிவிடுவேன் என்று தன்னைப் பற்றிப் பயந்து கேட்கிறார். வாக்குத்தத்த அட்டையில் இந்த வசனத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. இந்த வருடம் மகனுக்காக ஜெபிக்கும்போது இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நல்ல வேலை, பெரிய சம்பளம் என்று எவ்வளவோ வருடம் அவருக்காகக் கேட்டோம்; 'படி அளந்து' என்று கேட்டோமா?

அவர் அடுத்த முறை விடுமுறைக்கு வரும்போது 22:6 வேண்டாம். 25:20, மனத்துக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன் குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போல என்கிறது. வெளியூரில் தனியாக இருக்கும் பிள்ளைக்கு என்ன பாரம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. 15:17, பகையோடு கொழுத்த எருதின் கறியைவிடச் சிநேகத்தோடு இலைக்கறி நல்லது என்கிறது. அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டு, பக்கத்தில் உட்காருங்கள். ஏன் ஆலயம் போவதில்லை என்று அவராகச் சொல்ல ஆரம்பித்தால், சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அது 18:13.